கன்னத்தில் கை

தென்மேற்குக் காற்று, ஐந்து, பிற்பகல் ஆறு
என்றது வானொலி.
வேமவுத் துறையில் கயிற்றை அவிழ்த்தபடி
லென் ஸ்டிக்லண்ட் எண்ணினான்:
ஒன்பது பேர், பதினெட்டு உருளை,
ஒரு வாளி.
வாளி யாருக்கென்று சொல்லவில்லை.

கல்தடுப்பு முடிந்த இடத்தில்
எங்கள் பேச்சும் முடிந்தது.
படகு ஒவ்வோர் அலையாக ஏறி,
கொஞ்சம் யோசித்து,
விழுந்தது.
எஞ்சின் அறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு
கன்னத்தில் கை வைத்தேன்.

எங்கள் வீட்டில் இப்படி உட்கார்ந்தால்
யாராவது கேட்டே தீருவார்கள்:
என்ன, கப்பல் கவிழ்ந்து போச்சா?

ஆமாம்.
நூறு வருஷத்துக்கு முன்பே.
இருபத்தெட்டு மீட்டரில் கிடக்கிறது.
பார்க்கத்தான் தொண்ணூறு பவுண்டு கட்டியிருக்கிறேன்.

பெர்னிஸ் என் வால்வைத் திறந்து பார்த்தாள்,
வாரை இழுத்துப் பார்த்தாள்.
பூலில் முப்பது வருஷம் தபால் போட்டவள்,
எதையும் முகவரி சரிபார்ப்பதுபோலவே பார்ப்பாள்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரியும்.
காலை விடத்தான் தயக்கம்.

பத்து நாற்பதுக்கு நீரோட்டம் கண்ணயரும்.
அரை மணிதான்.
லென் கத்தினான். குதித்தோம்.

யாரோ கதவைச் சாத்தியதுபோல்
இரைச்சல் நின்றது.
மேலே மிதவையை அலை இழுக்கும்போதெல்லாம்
கயிறு என் கையைப் பிடுங்கியது.
பத்து மீட்டரில் பச்சை.
இருபதில் பாசிப்பருப்பு வெந்த தண்ணீர்.
பிறகு விளக்கொளியில் ஓர் இரும்பு,
இன்னோர் இரும்பு,
இரண்டையும் சேர்த்துக் கப்பல் என்று நம்ப
நேரம் பிடித்தது.

லாவினியா. நிலக்கரி சுமந்தவள்.
இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்,
விலாவெங்கும் கடற்சாமந்தி.
கொதிகலனுக்குள்ளிருந்து தொடைப் பருமன் விலாங்கு
வாடகை பாக்கி கேட்க வந்தவர்களைப்போல்
எங்களைப் பார்த்தது.

மேலே அடித்த புயலின் வால் இங்கேயும் வந்தது.
பாசி ஆடியது, மீன் ஆடியது,
கம்பியைப் பிடித்த நான் ஆடினேன், பெர்னிஸ் ஆடினாள்.
அவள் அசையவில்லை.
கவிழ்ந்து முடித்தவளுக்கு என்ன.

ஏறும்போதுதான், பன்னிரண்டு மீட்டரில்,
போன மாதம் அடைத்த கடைவாய்ப் பல்
உள்ளே சிக்கிய காற்றை விரித்து
ஆணி அடித்தது.
இறங்கினால் வலியும் இறங்கும்.
காற்றுமானியில் ஐம்பது.
பெர்னிஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.
முழம் முழமாக, விரல் விரலாக ஏறினோம்.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.
அலை எங்களை நாலுக்கும் ஏழுக்கும்
தூக்கிப் போட்டு விளையாடியது.
கணினி கத்தியது.
பல் அதைவிட.

மேலே படகில்லை.
அலை தூக்கியபோது போர்ட்லண்ட் தெரிந்தது,
இறக்கியபோது வானம்கூட இல்லை.
பதினொரு நிமிடம்.
பெர்னிஸ் ஊதலை ஊதினாள்,
ஊதலுக்கு ஊதல் இடையில்
தன்னைக் கடித்த நாயைப் பற்றிச் சொன்னாள்.
பழுப்பு நாய். கார்த்திகைக் குளிரில் கடித்ததுபோல்
இன்னும் வலிக்குமாம்.
நான் கதையின் முடிவைக் கேட்கவில்லை,
ஆரஞ்சு மிதவையைக் கண்டு படகு திரும்பியிருந்தது.

மேலே ஏறியதும் வாளியைத் தேடினேன்.
அதன்மேல் லென் குனிந்திருந்தான்.

மாலை, துறைமுகக் கடையில் மீனும் சிப்ஸும்.
கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.
என்ன என்றாள் பெர்னிஸ்.
பல்லைச் சொன்னேன். பழமொழியையும் சொன்னேன்.
வினிகர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.
எந்தக் கப்பல், என்றாள்.

வலப்பக்கமாக மென்றேன்.
ஜன்னலில் மழை சாய்ந்து விழுந்தது.
மேசைக்கு அடியில் தரை
இன்னும் ஏறி, யோசித்து,
விழுந்துகொண்டிருந்தது.