இசட் இல்லாத பெயர்

கக்கதாசபுரத்தில் மே மாத இடி ஒன்றுக்கு
எங்கள் ரௌட்டர் மட்டும் செத்தது.
மாடியில் காயப்போட்ட துணிக்குக்கூட ஒன்றுமில்லை.

புதியதைச் சுவரில் மாட்டிய ஹனுமேஷ்
ஏணியிலிருந்தே கேட்டான்:
"ஹெசரு ஏனு இடலி, மேடம்?"
ஏதாவது வை என்றேன்.
மேடம் நாலு சி என்று வைத்து
ஓடிபி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கூடத்து பல்பு மினுக்கியது, மினுக்கிக்கொண்டே இருந்தது.
ஐந்து நொடி அழுத்து, விடு, மறுபடி அழுத்து என்றது செயலி.
உன் போன் ஐந்தில் இருக்கிறது,
இதன் காதுக்கு இரண்டு புள்ளி நாலுதான் எட்டும் என்று
அரைமணி கழித்துச் சொன்னது.
கீசருக்கு ஸ்டூல் போட்டு ஏறினேன்.
வாசல் மணி பெண் குரலில் மன்னிப்புக் கேட்டது.
பதினொன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
இவை தேடுவது பெட்டியை அல்ல.
பழைய பேரும் பழைய கடவுச்சொல்லும் சரியாயிருந்தால்
எந்தப் பெட்டி கூப்பிட்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

பேர் நான் வைத்தது: சொந்தமாவாங்கு.
எதிர் ஃபிளாட்டில் ஓசி கேட்ட தமிழ்ப் பையன்களுக்காக.
கடவுச்சொல் ஸ்வானந்த் வைத்தது.
என் பேர், பின்னால் ஃபிளாட் நம்பர்.
பழகி இரண்டு மாதம்தான், ழ வராது அவனுக்கு.
இசட் எச் வரவேண்டிய இடத்தில் ஒற்றை எல்.
மதியலகி.
அலகு வைத்துக்கொள்ள நான் என்ன கொக்கா என்றேன்.

பிறகு வந்தது ழ.
மழை வந்தது, கோழி வந்தது, வாழைப்பூகூட வந்தது.
மாற்றிவிடலாமா என்பான்.
அத்தனையிடமும் மறுபடி போய்ச் சொல்லணுமே என்பேன்.
ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

பிப்ரவரியில் புனேவுக்குப் போனபோது
மிக்ஸியை எடுத்துக்கொண்டான்.

இப்போது அடிக்கிறேன்.
விரல் தானாக இசட்டுக்குப் போகிறது.
அழித்து, எல்.

பல்பு மினுக்குவதை நிறுத்தியது.
கீசர், மணி, கேமரா, படுக்கையறை விசிறி,
கேள்வி கேட்காமல் வந்து சேர்ந்தன.
பன்னிரண்டு என்றது செயலி.
பன்னிரண்டா?
பிளக் மூன்று என்று ஒன்று. எந்த அறை என்றில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறு பத்துக்கு
அலமாரிக்குப் பின்னால் டிக்.
ஏரிக் கொசு கிளம்பும் நேரம் பார்த்து
அவன் குறித்து வைத்தது.
புட்டி காலி. அதன் தலையில் சிவப்பாய் ஒரு புள்ளி.
படுத்து, கன்னம் தரையில் பட,
கையை நீட்டிப் பார்த்தேன்.
ஒரு சாண் போதவில்லை.