மை தொடாத இடம்

பதினொன்றாம் நாள் டாக்டர் யூர்கிதா
காகிதத்தில் ஒரு முட்டை வரைந்தார்.
உள்ளே கறுப்பாக ஒரு புள்ளி.
"எடுத்த சதையைச் சுற்றி மை தீட்டுவார்கள்.
புள்ளி மையைத் தொடக் கூடாது.
உங்களுக்கு ஒரு பக்கம் தொடுகிறது."

அறிக்கையில் பாசிட்டிவ் என்றிருந்தது.
ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன்.

கிளைபேடாவில் பத்தொன்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறேன்.
நடைமேடைக்கும் படிக்கும் நடுவில்
நான்கு விரல்,
உறைபனியிலும் பிசகாது.
இங்கே ஒரு மயிரிழை கேட்டார்கள்,
அதுகூட இல்லை என் உடம்பில்.

"அப்போ முதல் தடவை தப்பா வெட்டினீங்களா?"
டாக்டருக்குக் கோபம் வரவில்லை.
"கைக்குத் தட்டுப்படுவதைத்தான் வெட்ட முடியும்.
தட்டுப்படாததை
நுண்ணோக்கி பிறகுதான் சொல்லும்."

வீட்டில் ஸிக்மாஸ்
மொத்தமாக எடுத்துவிடச் சொன்னான்.
நான் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
கறுத்த இடத்தைச் சீவினேன்,
சுற்றி இன்னும் கொஞ்சம் சீவினேன்,
மீதியைச் சூப்பில் போட்டேன்.
அவன் அதற்குமேல் பேசவில்லை.
கரண்டியை மட்டும் இரண்டு முறை கழுவினான்.

அதே தழும்பைத் திறந்து,
அதே தழும்பை மூடி,
மறுபடி காத்திருப்பு.
முகம் தெரியாத யாரோ
என் துண்டுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார்.

போன் வந்தபோது பஸ்ஸில் இருந்தேன்,
டிக்கெட் வாங்கிய பயணியாக.
மூன்று மில்லிமீட்டர், என்றாள் நர்ஸ்.
சுற்றிலும்? என்றேன்.
சுற்றிலும்.

புதுப் பையன் வண்டியை
நடைமேடைக்கு ஓரடி தள்ளி நிறுத்தினான்.
வேறு நாளென்றால் திட்டியிருப்பேன்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
அந்த இடைவெளியைப்
பார்த்துப் பார்த்து இறங்கினேன்.