எழுபத்தொராவது டப்பி

மணற்காட்டிலை தொடங்கினம், விடியப்புறம் ஐந்தரை.
ஆரோ ஒளிச்சுவைச்ச பிலிம் டப்பியள்,
நூற்றறுபது மீற்றருக்கு ஒண்டு.
பொழுதுபட நூறு எண்டது கஜீபன்ரை கணக்கு.

நான் இறங்குவன், எடுப்பன், பேர் எழுதுவன், திருப்பி வைப்பன்.
அவன் எஞ்சினை நிப்பாட்டேல்லை.

சவுக்கமரம். மதகு. கிலோமீற்றர் கல்லு.
நாற்பதுக்குப் பிறகு
கடல் எந்தப் பக்கம் எண்டதே மறந்துபோச்சு.
பேனைக்குள்ளையும் மணல்.

எழுபத்தொண்டு
மஞ்சள் கட்டைக்குக் கீழை எண்டு போன் சொல்லிச்சு.
வெள்ளைக் கல்லுகள் இன்னும் வரிசையாய்.
துப்புரவாக்கியாச்சு எண்டு பலகை.
ரெண்டுபேரும் வாசிச்சம்,
திரும்பவும் வாசிச்சம்.

எஞ்சின் நிண்டது.
இடக்கைப் பக்கம் கடல் இரைஞ்சது.

கஜீபன் கொப்பியிலை எழுதினான்:
எழுபத்தொண்டு, காணேல்லை.
"தேடேல்லை எண்டெல்லோ எழுதோணும்?"
அவன் கிக்கரை உதைச்சான்.