ஐந்தாவது மானின் கழுத்து

தலைக்கு நூற்றிருபது ரூபாய்.
மூன்று வயதுக்குக் கீழே இலவசம் என்றிருந்ததால்
அக்கா நவோமி
நாலரை வயசு ஜெர்வினை இடுப்பில் தூக்கிக்கொண்டு
"காலை மடக்குடா" என்றாள்.

தண்டையார்பேட்டை மைதானத்தில்
தகரம் அடைத்து, நீலத்துணி கட்டி,
'வடதுருவக் கலைமான் கூட்டம்.'
வாசலில் சாக்கடைமேல் ஒரு பலகை,
பலகைமேல் பஞ்சு.
துருவத்துக்கு அதுதான் பாலம்.

உள்ளே புழுக்கம்.
நாலு மின்விசிறி, நாலும் மானைப் பார்த்து.
கூரையில் ஒரு பெட்டி இருமி இருமி
நுரை துப்பிக்கொண்டிருந்தது.
கன்னத்தில் விழுந்ததைத் தொட்டு முகர்ந்தேன்.
எலுமிச்சை வாசம். பாத்திரம் விளக்குகிற சோப்பு.

பனி விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் பதினோரு வருசம்.
ராத்திரி இரண்டு மணிக்குக் கொக்கி போட்டு இழுத்தால்
வழுக்கி வரும் பார்,
நடுவில் வெள்ளையாய் ஒரு நரம்போடு.
விசைப்படகுக்கு உடைத்துத் தள்ளும்போது
சில்லு தெறித்துத் தெறித்து
கால் சுண்டுவிரல் இரண்டும் எப்போதோ மரத்துவிட்டன.
இதைப் பியூலாவிடம் சொல்லவில்லை.
அவள் நுரையை உள்ளங்கையில் ஏந்தி
"அப்பா, சில்லுனு இருக்கு" என்கிறாள்.
இருக்கட்டும்.

மான்கள் ஆறு.
தெர்மாகோல் உடம்பு, சாக்குமேல் ஒட்டிய முடி,
பிளாஸ்டிக் பைப்பை வளைத்துச் செய்த கொம்பு.
வயிற்றுக்குள் மோட்டார்.
இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் திரும்பும்,
வந்தது யாரென்று பார்க்காமலே.
ஐந்தாவது மட்டும் பாதியில் நிற்கும், டக்.
யோசித்துவிட்டு மறுபடி டக்.

கேரட் ஒன்று பத்து ரூபாய்.
வாயருகே நீட்டி, போட்டோ எடுத்து, கீழே போடணும்.
போட்டதை ஒரு பையன் பொறுக்கித் துடைத்து
திரும்பவும் தட்டில் அடுக்கினான்.
கொருக்குப்பேட்டைக்காரர் ஒருத்தர்
"உயிரோட இருக்கும்னாங்களே" என்று
டிக்கெட்டின் பின்பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது தகர இடுக்கில்
ஈரமாய் ஒரு மூக்கு.
பிறகு நெற்றி. பிறகு முழு மாடு.
போன பொங்கலுக்கு அடித்த நீலம்
ஒரு கொம்பில் பாதி மிச்சம்,
கழுத்தில் அறுந்த கயிறு.
பஞ்சை மிதித்து, நுரையில் நடந்து
நேரே தட்டுக்குத்தான் போனது.
கறுக், முறுக்.

வரிசை என்று ஒன்று இருந்ததை எல்லோரும் மறந்தோம்.
கம்பெடுத்து வந்த சூப்பர்வைசரை
நவோமி மறித்தாள்:
"இன்னாத்துக்கு தொரத்துற?
இருக்கிறதுல இது ஒண்ணுதான் துன்னுது."
ஜெர்வின் எப்போது இறங்கினான் தெரியவில்லை.
இரண்டு காலில் நின்று ஊட்டிக்கொண்டிருந்தான்,
நாலரை வயசும் முழுசாய்த் தெரிய.
யாரும் அவனுக்கு டிக்கெட் கேட்கவில்லை.

சொரசொரத்த நாக்கு விரலைச் சுற்றும்போது
பியூலா சிரிக்கவில்லை.
மூச்சைப் பிடித்திருந்தாள்.

தின்று முடித்ததும் மாட்டுக்கு அரிப்பு.
ஐந்தாவது மானின் விலாவில்
கழுத்தை வைத்துத் தேய் தேயென்று தேய்த்தது.
வெள்ளை வெள்ளையாய் உதிர்ந்தது தெர்மாகோல்.
அன்றைக்கு அங்கே விழுந்ததில்
கொஞ்சமாவது பனி மாதிரி இருந்தது அதுதான்.

வெளியே போகிற வழியில் ஒரு நோட்டு,
சணலில் கட்டிய பேனா.
பெயர், ஊர், கருத்து.
சூப்பர்.
சூப்பர்.
ஏசி போடவும்.
மாடு நல்லா இருந்தது, த. ஞானவடிவேல், கொருக்குப்பேட்டை.
பியூலா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள்:
அஞ்சாவது மானுக்குக் கழுத்து வலிக்குது. எண்ணெய் விடவும்.

பேனாவை என்னிடம் நீட்டினாள்.
பெயர் எழுதினேன். காசிமேடு எழுதினேன்.
கருத்துக் கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்று,
பனி சரியில்லை.
வேணும்னா விடிகாலை மூணு மணிக்கு
அங்க வாங்க, கொக்கியோட நிப்பே

மை தீர்ந்துவிட்டது.
உள்ளே டக்.
கொஞ்சம் பொறுத்து
டக்.