பதினொரு பயிற்றங்காய்

கச்சான் தொடங்கிவிட்டது.
பத்து மணிக்கே மேற்கிலிருந்து ஒரு சூடான கை
சட்டையைப் பிடித்து இழுக்கிறது.

நான் நீர்ச்சபையில் மீற்றர் வாசிப்பவன்.
உவர்மலையில் தொடங்கி உப்புவெளி வரை
மற்றவர் வீட்டுத் தண்ணீரை
இலக்கமாக எழுதிக்கொண்டு திரிகிறேன்.
யார் வீட்டில் ரோசாவுக்கு ஊற்றுகிறார்கள்,
யார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது
எல்லாம் தெரியும் எனக்கு.
சொல்வதில்லை.

திருக்கடலூரில் எங்கள் வளவு
வீடு போக, கிணறு போக,
சுகிர்தாவின் கொடிக்கயிறு போக,
மிச்சம் ஒரு பாய் விரிக்கிற அளவு மண்.
மண் என்றால் கடல் மணல்.
மூன்று வருசமாக ஆட்டெருவும்
மீன் கழுவிய தண்ணீரும் கொடுத்துக்
கொஞ்சம் கறுக்கப் பண்ணியிருக்கிறேன்.

ஐந்தரைக்கு முதல் வாளி.
கிணற்றுக்குள் அப்போதும் இரவு.
வாளி பட்டு அது உடைகிற சத்தத்துக்காகத்தான்
மோட்டர் பூட்டவில்லை என்று
ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.
காசில்லாததும் ஒரு காரணம்.
ஆடி வந்தால் இந்தத் தண்ணீர் உவர்க்கும்.
இப்போது இனிப்பு.
செடிகளுக்கு முன்னால் நான் ஒரு மிடறு குடிப்பேன்.

பாத்தியில் நீர் ஓடும்போது
காய்ந்த மண் சத்தம் போட்டுக் குடிக்கிறது,
விருந்துக்கு வந்த மாமாக்கள் மாதிரி.
தக்காளி இலையைத் தொட்டால்
ஒன்பது மணிவரை விரலில் மணம் நிற்கும்.
புடலங்காய் வளையாமலிருக்க
நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்;
ரை கட்டின வங்கி முகாமையாளர் என்கிறாள்
மகள் அபிசனா.
குட்மோர்னிங் சொல்லிவிட்டுத்தான்
பள்ளிக்கூடம் போகிறாள்.

பக்கத்து வீட்டு றமீசா
மதிலுக்கு மேலால் புதினா நீட்டுவா,
"வேரோட இருக்கு, நட்டுப் பாருங்க."
மூன்று தரம் நட்டாயிற்று.
மூன்று தரமும் சம்பலாயிற்று.

நேற்று இரவு
பயிற்றம் பந்தலடியில் நறுக், நறுக்.
டோர்ச்சோடு ஓடினேன்.
மான்.
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்,
கடற்கரையில் கச்சான் கடலைக்காரரிடம்
கை நக்கி வாங்கித் தின்று பழகினது.
படலையைச் சாத்தாமல் விட்டது யாரென்று
சுகிர்தா கேட்கவில்லை. பார்த்தாள்.

"சூ" என்றேன்.
ஒரு காதை மட்டும் திருப்பிற்று.
வாயோரம் ஒரு ஊதாப் பூ தொங்க
என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது.
படலையடியில் குனிந்து நான் மீற்றரைப் பார்க்கையில்
வீட்டுக்காரர் சிலர் என்னைப் பார்ப்பார்களே,
அதே பார்வை.

"கல்லை எடுத்து எறியுங்கோவன்!"
தடவிப் பார்த்தேன்.
வளவில் அகப்பட்ட ஒரே கல்
புடலங்காயின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முகாமையாளரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.
டோர்ச்சை அணைத்துவிட்டுக்
கிணற்றுக்கட்டில் இருந்தேன்.
காற்று விழுந்திருந்தது.
இருட்டில் அது தின்கிற சத்தம் கேட்கக் கேட்க
எனக்கும் பசித்தது.

விடிய எண்ணிப் பார்த்தால்
பதினொரு காய் மிச்சம். நாங்கள் நாலு பேர்.
தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறி.
ஆளுக்கு இரண்டே முக்கால் என்று
அபிசனா கணக்குப் போட்டாள்.
அந்த முக்காலுக்காகச் சின்னவன் அழுதான்.
என்னுடையதில் பாதி போயிற்று.
அப்படியொரு பயிற்றங்காய்
இதுவரை நான் தின்றதில்லை,
பிஞ்சு, பல்லில் பட்டதும் முறிந்தது.

இன்று அன்புவழிபுரம் பக்கம்.
படலையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச்
சைக்கிளில் ஏறினேன்.
சந்தியில் நின்று விரலை மணந்தேன்.
தக்காளி.
இன்னும் ஒன்பது ஆகவில்லை.