பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று

அம்பத்தூர் எஸ்டேட்டில் மாடி அறை.
கீழே லேத் ஓடினால்
என் டீ டம்ளருக்குள் வட்டங்கள் எழும்.

திரையில் ஓர் உருளை,
விட்டம் இருநூற்று அறுபது மில்லிமீட்டர்.
அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது
தட்டையாக நான் வரைந்த தாள்:
வரிசையாக இருபத்து நான்கு பிஸ்கட்,
ஒன்றுக்கு முப்பத்து நான்கு மில்லி,
எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஓடும் ஒரு கொடி,
ஒவ்வொன்றின் நடுவிலும் மூன்றெழுத்து:
குமிழி.

மாதவரத்துக் கம்பெனி வைத்த பெயர்.
மாவில் அது நேராக விழ
பித்தளையில் இடவலம் மாறி இருக்க வேண்டும்.
புரட்டினேன்.
கு ஏதோ கொக்கியானது.
மி யாரையோ பார்த்துத் திரும்பிக்கொண்டது.
ழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"இது இன்னா பாஷை மேடம்?"
வரைபடம் வாங்க வந்த மகிமைதாஸ் கேட்டார்.
சட்டைப் பையிலிருந்து சீப்பையும்
அதோடு ஒட்டிவந்த சின்னக் கண்ணாடியையும் எடுத்தார்.
திரைக்கு முதுகு காட்டி நின்று,
முகம் பார்ப்பதுபோல் பிடித்து,
எழுத்துக் கூட்டிப் படித்தார்.
"கு... மி... ழி. சரியாத்தான் கீது."
அப்படியே மீசையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது, சுற்று என்கிற கட்டளை.
பாடி மேம்பாலத் தூணில்
ராத்திரியோடு ராத்திரியாகப் போஸ்டர் ஒட்டுவார்களே,
சிரிப்பு ஒரு பக்கம், இடது காது மறுபக்கம்,
அப்படித்தான்.
தாள் எழுந்து வளைந்து
உருளையின் முதுகைத் தழுவிக்கொண்டு போய்
தன் வாலைத் தேடியது.

எட்டவில்லை.

இருநூற்று அறுபதைப் பையால் பெருக்கினால்
எண்ணூற்றுப் பதினாறு, புள்ளி எட்டு ஒன்று.
என் தாள் பதினாறோடு நின்றுவிட்டது.
நகம் நுழையாத சந்து.
ஆனால் கொடி அறுந்திருந்தது.

"உருளைல கால் மில்லி கொறச்சிடலாமா?"
"பாலிஷ் போட்டு எறக்கியாச்சு மேடம்."
"வரதன் சார், இருபத்து நாலுக்கும் பங்கு போட்டுடவா?"
"கஸ்டமர் கையெழுத்துப் போட்ட அளவு.
முப்பத்து நாலுன்னா முப்பத்து நாலு."

மணி ஏழரை.
சந்தின் மேல் ஓர் இலை வரைந்தேன்.
யாரும் கேட்காத இலை,
மற்ற இருபத்து மூன்றில் இல்லாத இலை.
அறுந்த இரண்டு நுனியும்
அதன் அடியில் போய் ஒளிந்துகொண்டன.
யாரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் மாதவரத்திலிருந்து போன்:
"டின் மூடி மேலயும் அதே டிசைன் வேணும்."
மூடி அரைக்கோளம்.
சுற்று என்றேன். சிவப்பில் மறுத்தது.
உருளை விரியும், கூம்பும் விரியும்,
உருண்டை மட்டும் விரிந்து கொடுக்காது.
நம்பாமல் என் ஹெல்மெட்டின் மேல்
ஒரு தாளை வைத்து அழுத்திப் பார்த்தேன்.
எங்கே தடவினாலும் இன்னொரு பக்கம் மடிப்பு;
அதை அடக்கினால் வேறெங்கோ கிழிசல்.
குமிழியின் மேல் குமிழி என்று
சுருக்கமில்லாமல் சுற்ற முடியாது என
மரியாதையான சொற்களில் மெயில் போட்டேன்.
வந்த பதில்:
"பரவால்ல, ஸ்டிக்கர் ஒட்டிக்கிறோம்."

சித்திரை வெயிலில் ஒரு நாள்
அம்பத்தூர் ஸ்டேஷன் வாசல் டீக்கடை.
கண்ணாடி ஜாடி நிறைய குமிழி.
ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றாக
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
கொடி, கொடி, வெறும் கொடி.
மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில்
"பூஞ்சை எதுவும் இல்லம்மா" என்பது இருந்தது.

பக்கத்தில் நின்றவர்
ஆபீஸ் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
போனில் யாரிடமோ வாடகை பற்றிப் பேசியபடி
ஜாடிக்குள் கையை விட்டார்.
அவர் விரலிடுக்கில்
என் இலை.

ஒரு விநாடி இருக்கும்.
டீயில் முக்கினார்.
எழுத்துக்கு முன்னால்
இலைதான் கரைந்தது.

மீதிச் சில்லறையை மறந்து
திருவள்ளூர் லோக்கலைப் பிடிக்க ஓடினேன்.