நூற்றுப் பதினெட்டாவது தட்டு

லிமாவின் மலைச்சரிவில்
மூடுபனி கலையுமுன்
நில்டா சுல்கா அண்டாவை ஏற்றிவிடுவாள்.
கோழிக்கால், பருப்பு,
சந்தையில் கழித்துப்போட்ட கேரட்.
லாரித் தண்ணீர்
பீப்பாய்க்கு ஐம்பது சென்டிமோ கூடிவிட்டது.
கீழே புல்வெளிக்குக் குழாயிலேயே வருகிறது.

கணக்கு நோட்டு என்னிடம்.
நூற்றுப் பதினேழு தட்டு.
காசு தராதவர் பெயருக்கு நேரே
புள்ளி வைப்பேன்.
நில்டா ரப்பரால் அழித்துவிடுவாள்.
எந்தெந்த அடுப்பில் பூனை தூங்குகிறதென்று
அவளுக்குத் தெரியும்.

நகராட்சி ஆள் ஒருவர் வந்தார்.
"எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!"
போட்டோவுக்காகக் கரண்டியைக் கேட்டார்.
அவள் தரவில்லை.
"மனசெல்லாம் இல்லை சார்,
நீங்க செய்யாத வேலை இது."

வெள்ளிக்கிழமை
அண்டாவைக் கழுவாமல் தூக்கினோம்,
நாலு பேர், இரண்டு பஸ் மாறி.
அமைச்சக வாசலில் கவிழ்த்துப் போட்டு
தட்டினோம், தட்டினோம்.
மூன்றாம் மாடியில்
ஒரு ஜன்னல் திறந்து மூடியது.
காவலாளி தள்ளியதில்
அண்டாவுக்கு ஒரு நெளிசல்.

இன்னும் பதில் இல்லை.

இன்று வரிசைக் கடைசியில்
சீருடை இல்லாமல் அதே காவலாளி,
கையில் மூடி போட்ட டப்பா.
எங்களுக்கும் மேலே, தண்ணீர் லாரி ஏறாத
வளைவில் வீடாம்.
பெயர் எழுதினேன்.
புள்ளியை
கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

நில்டா ரப்பரைத் தேடுகிறாள்.